அகத்தியர்கூடத்துக் காணி வழிகாட்டிகள்

கேரள, தமிழக எல்லையை ஒட்டி 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அகத்தியர்கூடத்துக்குக் கேரளத்திலிருந்து நினைத்தபோதெல்லாம் ஏறிவிட முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தில் வனத்துறை அனுமதிச் சீட்டு தந்து, வழிகாட்டிகளுடன் குழுக்களை அனுப்புகிறது. போனக்காடு தேயிலைத் தோட்டம் வரை சாலை. அப்புறம் நடைதான். முதல் நாள் இரவு அதிருமலை முகாமில் தங்கல், மறுநாள் உச்சி. கடைசிப் பாறைச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்தே ஏற வேண்டும்.

இந்த மலையைச் சுற்றி வாழும் காணிப் பழங்குடியினரே வழிகாட்டிகளில் பெரும்பாலோர். இமயத்துக்கு ஷெர்பாக்கள் போல என்று சொல்லலாம். ஆனால் இவர்களுடைய திறமை உயரத்தைவிடக் காட்டைப் பற்றியது. யானையின் தடம் பழையதா புதியதா என்பதும், எந்த ஓடையில் நீர் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1987இல் இக்காட்டுக்கு வந்த ஆய்வாளர்கள் களைத்துப்போனபோது, உடன் வந்த காணிகள் ஒரு சிறுசெடியின் காய்களைத் தின்று தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, வருவாயில் காணிகளுக்கும் பங்கு தந்தது. வழிகாட்டியின் அறிவுக்கு உரிய விலை கிடைத்த அபூர்வமான நிகழ்வு அது.

நெடுங்காலம் பெண்களுக்கு உச்சி மறுக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் என்ற பெண் அங்கே ஏறினார்.