கம்பியில் நெய்த நிரல்

அப்பல்லோ விண்கலங்களை நிலாவுக்கு வழிநடத்திய கணினியின் நிரல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் ஊசியும் கம்பியும் கொண்டு கையால் கோக்கப்பட்டது. சிறு காந்த வளையம் ஒன்றின் உள்ளே கம்பி நுழைந்தால் 1. நுழையாமல் வெளியே ஒதுங்கிப் போனால் 0. இப்படிக் கோத்து முடித்த பொருளுக்கு அதைச் செய்தவர்கள் இட்ட பெயர் ‘கோர் ரோப்’, அதாவது வளையக் கயிறு. கணினி வரலாற்றில் போற்றத்தக்க படைப்புகள் பல உண்டு. ஆனால் சிந்தித்தவரின் மூளையும் செய்தவரின் விரலும் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்த படைப்பு அவற்றில் அரிது.

நெசவுக்கும் கணக்குப் பொறிக்கும் உள்ள உறவு அப்பல்லோவுக்கு வெகு முந்தையது. பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளில் 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு பாவு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கண்டார். அந்த வழியை ஜோசப் மரி ஜக்கார் 1804இல் முழுமையான பொறியாக்கினார். அட்டையில் துளை இருந்தால் நூல் மேலெழும். இல்லாவிட்டால் கிடந்த இடத்தில் கிடக்கும். ஊடை ஒருமுறை ஓடி முடிந்ததும் அடுத்த அட்டை வந்து நிற்கும். காஞ்சிபுரத்தில் பல பட்டுத் தறிகளின் தலைமேல் தொங்கும் ஜக்கார்டு பெட்டியும் அட்டைக் கோவையும் அந்த லியோன் பொறியின் வழித்தோன்றல்களே. ஜக்காரின் உருவத்தையே 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தத் துணிப்படம் ஒன்றைச் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்குக் கட்டளை கொடுக்க அவர் தேர்ந்ததும் அதே துளை அட்டைகளைத்தான். பின்னர் ஹெர்மன் ஹாலரித் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். இவையெல்லாம் பலரும் அறிந்த கதைகள். இவற்றில் துளைதான் செய்தியைத் தாங்கியது; நெசவின் பின்னல் தாங்கவில்லை. பின்னலே செய்தியாக மாறுவதற்குக் காந்த வளையம் வரவேண்டியிருந்தது.

1940களின் இறுதியில் ஆன் வாங், ஜே ஃபாரெஸ்டர் முதலியோர் காந்த வளையத்தில் தகவலைச் சேமிக்கும் முறைகளை வகுத்தனர். ஃபாரெஸ்டரின் குழு 1953இல் ‘வேர்ல்விண்ட்’ கணினியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான, கடுகுக்கு ஒப்பிடத்தக்க சிறு வளையங்களைக் கம்பி வலையின் சந்திப்புகளில் நிறுத்திவைப்பார்கள். வளையத்தின் காந்தம் ஒரு திசையில் நின்றால் 1, எதிர்த்திசையில் நின்றால் 0. மின்சாரம் நின்றாலும் நினைவு அழியாது. வேண்டும்போது மாற்றி எழுதலாம். அடுத்த இருபது ஆண்டுகள் கணினிகளின் நினைவு பெரும்பாலும் இதுவே. ஆனால் ஒரு வளையத்தில் ஒரு பிட்டுக்கு மேல் இடமில்லை. பெருங்கூடத்தில் நிற்கும் கணினிக்கு அது குறையாகப் படாது. கிராம் கணக்கில் எடை பார்க்கும் விண்கலத்துக்கு அது பெருங்குறை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் 1950களின் பிற்பகுதியில் செவ்வாய்க்கு ஓர் ஆளில்லா ஆய்வுக்கலத்தைத் திட்டமிட்டது. அந்தக் கலம் பறக்கவே இல்லை. ஆனால் அதற்கான சிறு கணினியைப் பற்றி எண்ணிய ஹால் லேனிங், ரமோன் அலோன்சோ முதலியோரிடமிருந்து வளையக் கயிறு பிறந்தது. வளையத்தின் காந்தத்தில் தகவலை வைக்காமல், கம்பி செல்லும் பாதையில் வைத்தார்கள். ஒரு வளையத்தின் காந்தத் திசையைப் புரட்டினால், அதன் துளை வழியே செல்லும் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு மின்துடிப்பு எழும். வெளியே செல்லும் கம்பியில் பொருட்படுத்தத்தக்க துடிப்பு எழாது. ஆகவே ஒரே வளையம் எத்தனை கம்பிகளுக்கு இடம் கொடுக்குமோ அத்தனை பிட்டுகளைச் சொல்லும். எந்த வளையம் புரளவேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேறு கம்பிகள் இருந்தன. அவை மற்ற வளையங்களையெல்லாம் அடக்கிவைக்க, வேண்டிய ஒன்று மட்டும் புரளும்.

இந்த ஏற்பாட்டின் நயம் ரசித்துப் பார்க்கத் தக்கது. வளையம் தன்னளவில் எதையும் நினைவில் வைப்பதில்லை. கேட்டால் மணி அடிப்பது போலப் புரண்டு கொடுக்கிறது, அவ்வளவே. அந்த மணியோசை எந்தக் கம்பிக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்பதில் பொருள் இருக்கிறது. பாவில் நூல் மேலா கீழா என்பதில் பூவேலை இருப்பது போல.

1961 ஆகஸ்டில் அப்பல்லோவின் வழிசெலுத்தல் பணி அதே ஆய்வகத்துக்கு வந்தது. அப்பல்லோ திட்டத்தின் முதல் பெரிய ஒப்பந்தம் அது. எல்டன் ஹால் வன்பொருள் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். உருவான கணினி சுமார் 32 கிலோ எடையும் 55 வாட் மின்தேவையும் கொண்டது. மாற்றி எழுதத்தக்க நினைவு அதில் 2,048 சொற்கள் மட்டுமே. நிலையான நினைவு 36,864 சொற்கள். அது முழுவதும் கயிறு. ஆறு பெட்டிகள், பெட்டிக்கு 512 வளையங்கள், வளையத்துக்கு 192 பிட்டுகள். பெருக்கிப் பார்த்தால் 5,89,824. அதாவது, உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு 5,89,824 விடைகள். ஒவ்வொரு சொல்லிலும் 15 பிட்டுகள் பொருளுக்கு, ஒன்று சரிபார்ப்புக்கு. ஒரு பிட்டு பிசகினாலும் கணினி அறிந்துகொள்ளும்.

இந்தக் கயிறுகளைத் தயாரித்தது வால்தமில் இருந்த ரேத்தியான் நிறுவனம். அந்த ஊருக்குக் கைவேலை புதிதன்று. பருத்தியை நூலாக்குவதையும் நூலைத் துணியாக்குவதையும் விசைத்தறியோடு ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த அமெரிக்காவின் முதல் ஆலை 1810களில் அங்கேதான் எழுந்தது. பின்னர் கடிகாரத் தொழிலால் ஊர் புகழ் பெற்றது. நுண்ணிய வேலைக்குப் பழகிய விரல்களைத் தேடி வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை.

கயிறு கோத்தவர்கள் பெண்கள். சட்டத்தில் வளையங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். எழுதி முடித்த நிரல் துளைநாடாவாக வரும். நாடாவைப் படிக்கும் பொறி, அடுத்துக் கம்பி நுழைய வேண்டிய வளையத்தைச் சரியாக ஒரு திறப்பின் முன் கொண்டுவந்து நிறுத்தும். அந்தத் திறப்பின் வழியே கம்பி கோத்த ஊசியைச் செலுத்த வேண்டும். பிறகு பொறி நகரும், அடுத்த வளையம் வரும், மீண்டும் ஊசி. எதிரெதிரே இருவர் அமர்ந்து ஊசியை அங்கும் இங்குமாகக் கைமாற்றிக்கொள்வதும் உண்டு. தறியின் இரு ஓரங்களுக்கிடையே ஓடும் நாடாவின் வேலையை அந்த ஊசி செய்தது. தமிழில் தறியில் ஓடும் கருவிக்கும் நாடா என்றே பெயர், சுருளாக வரும் பட்டைக்கும் நாடா என்றே பெயர். வால்தமின் மேசையில் இரண்டும் ஒருங்கே இருந்தன: ஒன்று வழி சொன்னது, மற்றொன்று நெய்தது. பூஷோனின் காகிதச் சுருள் 240 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ஒரு நெசவை ஆண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும். இம்முறை நெய்து வந்தது பூக்கொடி அல்ல, நிலாவில் இறங்கும் கணக்கு.

ஒரு நிரலை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடிந்த பெட்டியைச் சோதனைப் பொறி ஒவ்வொரு பிட்டாகத் தட்டிப் பார்க்கும். தவறு தெரிந்தால் கம்பியை உருவித் திருத்துவார்கள். அதன் பிறகு முழுவதையும் பிசின் ஊற்றி இறுக்கிவிடுவார்கள். அப்புறம் அதில் திருத்தம் என்பதே கிடையாது. அந்த வேலையில் இருந்தவர்களை நினைத்துப் பொறியாளர்கள் இந்த நினைவகத்துக்கு ‘கிழவியம்மா நினைவகம்’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவர்களின் திறமைக்கு ஈடானதல்ல. நூல் என்ற ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறிக்கும் மொழி தமிழ். நன்னூலின் பாயிரம் ஒருபடி மேலே போய், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை அதை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தது. வால்தமில் அந்த உருவகம் அப்படியே வேலையாக நடந்தது. நிரல் எழுதியவர்களில் சிலரின் பெயர்களாவது வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. அதை இழையாக்கிய பெண்களில் மிகப் பலரின் பெயர்கள் இடம்பெறவில்லை. இது கணினி வரலாறு இன்னும் அடைக்காத கடன்.

பிசின் இறுகிய கயிறு நிரலாளர்களுக்கு ஓர் ஒழுக்கத்தைக் கற்பித்தது. ஏவுதலுக்குப் பல மாதங்கள் முன்பே நிரல் முடிவாகிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பொறுப்பாக ஒருவர் இருப்பார். அவருக்குக் ‘கயிற்றின் தாய்’ என்று பெயர். அப்பொறுப்பை வகித்தவர்களுள் மார்கரெட் ஹாமில்டன் ஒருவர். பின்னர் பறப்பு மென்பொருள் குழுவுக்கே அவர் தலைமை ஏற்றார். ஒருநாள் ஆய்வகத்துக்கு அவரோடு வந்த சிறு மகள், மாதிரிக் கலத்தின் பொத்தான்களை அழுத்தி விளையாடினாள். பறப்பின் நடுவே ஏவுதலுக்கு முந்தைய நிரல் தொடங்கிவிட்டது, அமைப்பு நிலைகுலைந்தது. இத்தகைய தவறைத் தடுக்கும் கட்டளைகளைச் சேர்க்க ஹாமில்டன் விரும்பினார். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர் அப்படிச் செய்யமாட்டார் என்று பதில் வந்தது. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 நிலாவிலிருந்து திரும்பும் வழியில் ஜிம் லவல் தவறுதலாக அதே நிரலை அழைத்தார். மாற்றி எழுதும் நினைவில் இருந்த வழிசெலுத்தல் தரவு குலைந்தது. அதை மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. கயிற்றில் இருந்த கட்டளைகளுக்கு ஒன்றும் நேரவில்லை.

1969 ஜூலை 20 அன்று நிலாவை நோக்கி அப்பல்லோ 11இன் ஈகிள் கலம் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற எச்சரிக்கை எண் ஒளிர்ந்தது. சந்திப்பு ரேடாரின் மின்னிணைப்பில் இருந்த ஒவ்வாமையால் கணினிக்கு வேண்டாத வேலை குவிந்து, செய்துமுடிக்க நேரம் போதவில்லை. அந்த நிலையில் கணினி எல்லாவற்றையும் உதறிவிட்டு மறுதொடக்கம் செய்தது. லேனிங் வகுத்த முன்னுரிமை முறைப்படி இறங்குவதற்கு இன்றியமையாத வேலைகளை மட்டும் மீண்டும் கையில் எடுத்தது. எச்சரிக்கை பலமுறை எழுந்தது, இறக்கம் நிற்கவில்லை. இப்படி விழுந்து எழுந்த கணினிக்குக் காலூன்ற உறுதியான தரை ஒன்று வேண்டும். எத்தனை முறை திரும்பி வந்தாலும் அப்படியே இருக்கும் கட்டளைகள்தான் அந்தத் தரை. நான்கு மாதம் கழித்து, அப்பல்லோ 12 புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் மின்னல் இருமுறை தாக்கியது. கலத்தின் மின்வழங்கல் தடுமாறியபோதும் கயிற்றின் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மாறாமை என்ற அதே குணம் 1971 பிப்ரவரி 5 அன்று இடையூறாகவும் வந்தது. அப்பல்லோ 14 இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, இறக்கத்தைக் கைவிடும் பொத்தானை யாரும் தொடாமலே அது அழுத்தப்பட்டதாகச் சமிக்ஞை வந்தது. பலகையைத் தட்டினால் மறைந்தது, திரும்பவும் வந்தது. உள்ளே உலோகத் துணுக்கு ஏதோ உருண்டுகொண்டிருக்க வேண்டும். இறங்கும்போது அந்தச் சமிக்ஞை வந்தால், கயிற்றில் நெய்த நிரல் அதை நம்பி இறக்கத்தைக் கைவிட்டுவிடும். நெய்ததை அவிழ்க்க வழியில்லை. பூமியில் இருந்த இளம் நிரலாளர் டான் ஐல்ஸ், மாற்றி எழுதும் சிறு நினைவில் சில எண்களை இட்டால், கைவிடும் நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளும், பொத்தானைக் கவனிக்காது என்று கண்டார். தீர்வு சுமார் இரண்டு மணி நேரத்தில் உருவானது. எட்கர் மிட்செல் அந்த எண்களைத் தட்டச்சிட்டார். ஆலன் ஷெப்பர்டும் அவரும் ஃப்ரா மாரோ பகுதியில் இறங்கினார்கள். நெசவு தெரிந்தவருக்கே பிசகிய பாவை அறுக்காமல் ஒப்பேற்றும் வழி தெரியும். கயிற்றின் ஒவ்வொரு இழையும் ஐல்ஸின் தலைக்குள் இருந்தது. நிரற்கலையின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த கைவண்ணம் வெகு சில.

1970களில் சிலிக்கான் சில்லுகள் மலிந்ததும் வளையக் கயிறு வழக்கொழிந்தது. சில பெட்டிகள் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் தப்பிப் பிழைத்தன. அப்பல்லோ கணினி ஒன்றைப் பொறியாளர் குழு ஒன்று 2019இல் மீண்டும் இயங்கவைத்தது. பழைய கயிறுகளில் சிலவற்றை வாசித்து, அச்சுப்படி கிடைக்காத நிரல்களும் மீட்கப்பட்டுள்ளன. 1969 மே மாதம் அப்பல்லோ 10 பயணத்தின் முடிவில் கைவிடப்பட்ட ‘ஸ்னூப்பி’ என்ற நிலாக் கலத்தின் மேற்பகுதி சூரியனைச் சுற்றும் பாதையில் செலுத்தப்பட்டது. வால்தம் பெண்கள் கோத்த கயிறுகள் அதனுள் அப்படியே இருக்கின்றன.