சிலம்பும் முடங்கலும் – சிலப்பதிகாரப் பெண் மாந்தர் குறித்த ஒரு குறியீட்டு நோக்கு

உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரைகளுடன் பதிப்பித்த நாள்தொட்டு, கண்ணகியையும் மாதவியையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் வழக்கம் திறனாய்வில் நிலவி வருகிறது. ஒருத்தி கற்பின் வடிவம், மற்றவள் கலையின் வடிவம் என்னும் பகுப்பு வகுப்பறை வரையில் வேரூன்றிவிட்டது. மு. வரதராசனார் இருவருக்கும் தனித்தனி நூல் எழுதி, மாதவியைத் தனித்து நோக்கும் வாய்ப்பை நல்கினார். எனினும், தனித்தனியே போற்றுவதும் ஒருவகையில் பிரித்து வைப்பதே ஆகும். இருவரையும் ஒரே பார்வைக்குள் கொணரும் வழி காப்பியத்திலேயே உள்ளது. அவ்விருவர் கையினின்றும் வெளியேறும் பொருள்களே அவ்வழி.

கண்ணகியின் பொருள் சிலம்பு. மாதவியின் பொருள் முடங்கல். இரண்டும் மூடிய பொருள்கள். உள்ளிருப்பது யாது என்பதைப் புறத்தே நின்று அறிய இயலாது. ஒன்றை உடைக்க வேண்டும், மற்றொன்றைப் பிரிக்க வேண்டும். அவற்றைக் காணும் கடமையுடைய ஆடவர், காண வேண்டிய நேரத்தில் காணத் தவறுவதே கதையின் பெருந்திருப்பங்களை விளைவிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மாதவியின் இரு மாலைகள்

மாதவி கோவலன் வாழ்வில் நுழைவது ஒரு மாலையின் வழியாக என்பதை அரங்கேற்று காதை கூறும். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் அம்மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் உலவும் மறுகில் ஏந்தி நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான். இங்கு மாலை விலையுடையது, வெளிப்படையானது. அதன் பொருளை அறிய எவருக்கும் ஐயமில்லை.

கானல்வரிக்குப் பின் நிலைமை மாறுகிறது. யாழிசையோடு எழுந்த பாட்டைக் கோவலன் மாதவியின் நெஞ்சம் பிறிதொன்றை நாடியதற்குச் சான்றாகக் கொண்டு பிரிகிறான். இளங்கோவடிகள் இதனை ஊழின்மேல் ஏற்றிக் கூறுவார். ஊழ் ஒருபுறம் நிற்க, முதலில் வேறு பெண்ணை நினைந்தான் போலப் பாடியவன் கோவலனே என்பதை மறத்தலாகாது. தன் பாட்டைப் புனைவெனக் கொண்டவன், அவள் பாட்டை மட்டும் வாக்குமூலமாகக் கொண்டான்.

பின்னர் வேனிற்காதையில் மாதவி இரண்டாம் மாலை ஒன்றைத் தொடுக்கிறாள். பல மலர்கள் விரவிய அம்மாலையின் இடையே தாழையின் வெண்மடல் வைக்கப்படுகிறது. செம்பஞ்சுக் குழம்பில் தோய்ந்த பித்திகை அரும்பே எழுத்தாணி. கொண்டு செல்லும் தோழியின் பெயரும் வசந்தமாலை. விலை கூறி விற்கப்பட்ட மாலையை ஏற்றவன், விலையின்றி வந்த இம்மாலையை மறுக்கிறான். மடலைப் படித்ததாகவும் காப்பியம் கூறவில்லை. மாதவியோடு கழித்த நாள்களை வரிக் கூத்தின் வகைகளாக அடுக்கி, ஆடல்மகள் ஆதலின் அவை அவளுக்குப் பொருந்தும் என்று கூறி அனுப்புகிறான். முடங்கலின் உள்ளீட்டை ஆராயாமல், அனுப்பியவளின் தொழிலைக் கொண்டு தீர்ப்பு வழங்கியமை இங்கு நோக்கற்பாலது.

மாதவி சோர்ந்து அமையவில்லை. புறஞ்சேரியிறுத்த காதையில் கௌசிகன் வழியாக மற்றொரு முடங்கல் வருகிறது. இதில் மலரில்லை, செம்பஞ்சில்லை. மண்ணால் இலச்சினையிட்ட ஓலை அது. இலச்சினையில் அவள் கூந்தலின் சுவடு பதிந்திருக்கிறது. உடனுறைந்த காலத்து நெய்மணம் அதில் கமழ்கிறது. கோவலனைத் தடுத்து நிறுத்தியது அம்மணமே. பிரித்துப் படிக்கிறான். தான் செய்த பிழை யாதென அறியாது கலங்குவதாக எழுதியிருக்கிறாள் அவள். தீது அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்கிறான்.

இவ்வளவில் நின்றிருந்தால் இது ஒரு மனமாற்றக் காட்சியாக மட்டுமே அமைந்திருக்கும். இளங்கோவடிகள் மேலும் ஓரடி செல்கிறார். அம்முடங்கலின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் கூற வேண்டியவற்றுக்கும் பொருந்துவதைக் கண்ட கோவலன், அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கௌசிகனிடம் தருகிறான். பெரியோர் அடி வணங்குதல், பிழை பொறுக்க வேண்டுதல், இரவில் ஊர் நீங்கியமைக்கு வருந்துதல் ஆகிய யாவும் அவனுக்கும் உரியனவாகவே உள்ளன. இதனை உத்தி நயமாகப் பாராட்டுவது மரபு. நயம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். மாதவியின் சொல் அவனுடைய சொல்லாகிறது. அவளுக்கென்று ஒரு மறுமொழியும் அவன் எழுதவில்லை. குற்றமற்றவள் எனத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. வழக்கிற்குரியவளை நோக்கி அத்தீர்ப்பு எழுதப்படவே இல்லை.

சிலம்பின் உள்ளீடு

சிலம்பு ஒலிக்கும் அணி. உள்ளிருக்கும் பரல்களே அவ்வொலிக்குக் காரணம். கணவன் பிரிந்த நிலையில் கண்ணகியின் அடிகள் சிலம்பை நீங்கியிருந்தமையை அந்திமாலைச் சிறப்புச்செய் காதை குறிக்கிறது. அப்போது அடங்கிய சிலம்பு, கனாத்திறமுரைத்த காதையில் பொருள் இழந்து நாணி வந்த கணவனுக்கு அவள் அளிக்கும் முதலாகிறது. மதுரையில் அது விலைப்பொருளாக அங்காடி செல்கிறது. மாதவியின் முதல் மாலையும் கண்ணகியின் சிலம்பும் இவ்வாறு ஒரே இடத்தில், மறுகில், வந்து சேர்கின்றன. இரண்டிற்கும் நடுவே நிற்பவன் கோவலன். முதலில் வாங்குபவன், பின்னர் விற்பவன்.

கொலைக்களக் காதையில் சிலம்பை எத்தனை பேர் எவ்வாறு காண்கின்றனர் என்பது நுணுகி ஆராயத்தக்கது. பொற்கொல்லன் அதன் வேலைப்பாட்டைக் கூர்ந்து நோக்குகிறான். தான் கவர்ந்த அரசியின் சிலம்போடு அது ஒத்திருப்பதே அவனுக்குப் போதும். அரசனோ சிலம்பைக் காணாமலே ஆணையிடுகிறான்; கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்கும் விரைவில் இருப்பவன் அவன். ஆணையின் சொல்லமைப்பு குறித்து உரையாளர் பலபடப் பேசியுள்ளனர். சொல் எவ்வாறாயினும், பொருளைக் கொணர்ந்து ஆராய்ந்த பின்னரே தண்டம் என்னும் முறை அங்கு இல்லை. காவலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு கள்வன் அல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் களவுநூல் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளை அடுக்குகிறான். சிலம்பின் உள்ளே என்ன உள்ளது என்பதைத் தவிர ஏனைய எல்லாம் அங்குப் பேசப்படுகின்றன.

வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தம்முடையது முத்துப்பரல் உடையது என்று பாண்டியன் உடனே விடையிறுக்கிறான். இவ்விடையே அவனுக்கு எதிரான பெருஞ்சான்று. வேறுபாட்டை அறியும் வழி அவனுக்குத் தொடக்கம் முதலே தெரிந்திருக்கிறது. கேட்பாரின்மையால் அதனைப் பயன்படுத்தவில்லை. கண்ணகி உடைக்கிறாள், மணி தெறித்து அரசன் வாயில் படுகிறது. ஆணை பிறந்த வாயிலேயே உள்ளீடு சென்று விழுகிறது. (அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுவதும், இடையே கானல்வரிக்கும் கிடையாமற் போனதும் நமது தீயூழ். பாட்டைப் பிறழக் கேட்ட இடம், சிலம்பை உடைத்த இடம் ஆகிய இரண்டிற்கும் அப்பேருரை இல்லை.)

காளிதாசரின் சாகுந்தலத்தோடு இதனை ஒப்பிடுவது பயன் தரும். அங்கும் அரச அணி ஒன்று எளியவன் ஒருவனிடம் அகப்படுகிறது. அங்கும் காவலர் அவனைக் கள்வனாகப் பற்றிக் கொலைக்கு விரைகின்றனர். ஆனால், மோதிரம் அரசனிடம் காட்டப்படுகிறது. செம்படவன் பரிசு பெற்று மீள்கிறான். அம்மோதிரத்தில் பொறிக்கப்பட்டிருப்பது துஷ்யந்தனின் பெயர். கண்டாலே போதும், உடைக்க வேண்டியதில்லை. சகுந்தலையின் உண்மை அரசனின் நினைவைச் சார்ந்து நிற்கிறது. மோதிரம் இழந்த நிலையில் அவையில் அவளுக்குச் சான்றில்லை. கண்ணகியின் சான்று அவளுடைய பொருளுக்குள்ளேயே இருக்கிறது. எவர் நினைவையும் அது வேண்டி நிற்பதன்று. இவ்வேறுபாட்டை இரு மொழி இலக்கியங்களின் உயர்வு தாழ்வாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒன்றில் அடையாளம் வெளியே எழுதப்பட்டுள்ளது. மற்றொன்றில் உள்ளே வைத்து மூடப்பட்டுள்ளது.

கோப்பெருந்தேவியைப் பற்றித் திறனாய்வாளர் மிகுதியாகப் பேசுவதில்லை. காப்பியமும் அவளுக்குச் சில அடிகளையே ஒதுக்குகிறது. ஊடல், தீக்கனா, கணவனைத் தொடர்ந்த மறைவு ஆகியவற்றோடு அவள் கதை முடிகிறது. ஆனால் களவு போனது அவள் சிலம்பு. கண்ணகியின் சிலம்பு உடைந்து மெய்ப்பித்தது. மாதவியின் முடங்கல் பிரிக்கப்பட்டு வேறொருவர் கைக்குச் சென்றது. அரசியின் சிலம்பு மீண்டும் கதைக்குள் வரவே இல்லை. அதனுள் முத்து இருந்தது என்பதற்கு அரசனின் சொல் ஒன்றே சான்று.