பழியைத் துடைத்த பொன்விழா

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் பொன்விழா நிகழ்ச்சியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் புகழ்ந்துதான் பேசுகிறார்கள். 'தி டே ஆஃப் தி டாக்டர்' என்ற அந்தச் சிறப்புப் பகுதி 2013 நவம்பர் 23 அன்று 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகி கின்னஸ் சாதனையும் படைத்தது. ஜான் ஹர்ட்டின் நடிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. கடைசியில் பழைய டாக்டர்களில் ஒருவரான டாம் பேக்கர் வந்து நிற்கும்போது பழைய ரசிகர்கள் கண்கலங்கினார்கள், நானும்தான். ஆனாலும் படம் முடிந்தபோது என் மனம் நிறையவில்லை. இத்தனை ஆண்டுகளில் பலமுறை திரும்பப் பார்த்தும் அந்தக் குறை தீரவில்லை.

இந்தத் தொடர் எதனால் உயர்ந்தது என்பதைச் சொன்னால்தான் என் வருத்தம் விளங்கும். 1963 நவம்பர் 23, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், முதல் பகுதி வெளியானது. அதை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கையில் பணம் குறைவு, கற்பனை அதிகம். அதற்குச் சான்று அதன் ஒலி. காலத்தில் பயணம் செய்யும் நீலப் பெட்டியான டார்டிஸ் புறப்படும்போது ஒரு மூச்சிரைப்புச் சத்தம் கேட்குமே, அது எந்த விலையுயர்ந்த கருவியிலிருந்தும் வந்ததல்ல. ஒலிகளை உருவாக்கிய பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் அடிமந்திரக் கம்பிகளில் வீட்டுச் சாவியை வைத்து இழுத்தார். அந்த உராய்வைப் பதிவு செய்து, வேகத்தை மாற்றி, பின்னோக்கி ஓடவிட்டு உண்டாக்கினார். முகப்பு இசையை அமைத்தவர் ரான் கிரெய்னர். அதற்கு உயிர் கொடுத்தவர் டெலியா டெர்பிஷயர். சிந்தசைசர் புழக்கத்துக்கு வராத காலம் அது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, நாடாவை அந்தந்த நீளத்துக்கு வெட்டி, ஒட்டிச் சேர்த்தார். அறுபது ஆண்டு கழித்துக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது.

நாயகனான டாக்டர் அவ்வப்போது வேறு முகத்துக்கு மாறுகிறானே, அந்த உத்தியும் நெருக்கடியில் பிறந்ததுதான். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை சரியில்லாமல் போனதால் 1966இல் பேட்ரிக் டிரௌட்டன் வந்தார். ஆள் மாறியதைக் கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 1977இல் கே-9 என்ற இயந்திர நாய் வந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் இயந்திர நாயான ஜீனோவை நேசித்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

1989இல் நின்றுபோன தொடரை 2005இல் ரஸ்ஸல் டி டேவிஸ் மீட்டபோதுதான் அதற்குக் கனம் கூடியது. தன் இனமான டைம் லார்டுகளுக்கும் அவர்களின் எதிரிகளான டாலெக்குகளுக்கும் நடந்த பெரும்போரை முடிக்க டாக்டரே தன் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயை அழித்துவிட்டான்; அவன் ஒருவன்தான் மிச்சம். இதை நேராகக் காட்டவே இல்லை. கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனின் கண்ணில் மட்டும்தான் தெரியும். ராபர்ட் ஷியர்மன் எழுதிய 'டாலெக்' பகுதியைப் பாருங்கள். இருட்டறையில் சங்கிலியில் கட்டிய ஒரே ஒரு டாலெக். அது சுட முடியாது என்று தெரிந்ததும் டாக்டர் குதூகலிக்கிறான், கத்துகிறான், எச்சில் தெறிக்கத் திட்டுகிறான். நல்லவன் என்று நாம் நம்பியிருந்தவனுக்குள் இத்தனை வெறுப்பா என்று பதறுகிறோம். பிறகு அந்த எதிரியே, நீ எங்களில் ஒருவனாக இருக்கத் தகுந்தவன் என்கிற பொருளில் ஒரு சொல் சொல்கிறது. எக்கிள்ஸ்டனின் முகம் அப்படியே வெளிறிப்போகிறது. அறிவியல் புனைகதை நடிப்பில் இதற்கு மேலான இடத்தை நான் பார்த்ததில்லை.

எட்டு ஆண்டுகள் சொந்தக் கிரகத்தை அழித்த இந்தப் பழியின் பாரத்தை ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று நடிகர்கள் சுமந்தார்கள். பொன்விழா நிகழ்ச்சி அதை இறக்கி வைத்துவிட்டது. போர்க்கால டாக்டராக ஜான் ஹர்ட் ஒரு பாழடைந்த கொட்டகையில் அழிவுக் கருவியின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். காலிஃப்ரேயில் 247 கோடிக் குழந்தைகள் இருந்தார்கள் என்று அவரைச் சந்திக்கும் பிற்கால டாக்டர்களில் ஒருவருக்கு நினைவிருக்கிறது, இன்னொருவர் மறந்துவிட்டேன் என்கிறார். என்ன அபாரமான எழுத்து! அடுத்து என்ன நடக்கிறது? எல்லா டாக்டர்களும் தத்தம் டார்டிஸில் பறந்துவந்து கிரகத்தை ஒரு நொடியில் உறையவைத்து வேறொரு வெளியில் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். யாரும் சாகவில்லை. கொலையே நடக்கவில்லை.

இங்கேதான் எனக்கு எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வருகிறது. நான் திருவிடைமருதூர்க்காரன். எங்கள் மகாலிங்க சுவாமி கோயிலின் கீழை வாசலில் பிரம்மஹத்தி உட்கார்ந்திருக்கிறது. வரகுண பாண்டியன் குதிரையில் போகும்போது அறியாமல் ஒரு அந்தணன் குளம்படியில் பட்டு இறந்தான். அந்தப் பழி பிரம்மஹத்தியாகத் தொடர்ந்து வந்தது. சோழனைத் துரத்திக்கொண்டு இங்கே வந்தவன் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிட, அது வாசலிலேயே நின்றுவிட்டது. இன்றும் போன வழியே திரும்பாமல் வேறு வாசலில் வெளியேறுகிறவர்கள் உண்டு. அரசனுக்கு விடுதலை கிடைத்தது, ஆனால் அந்தணன் எழுந்து வரவில்லை. பழியும் கரைந்து மறையவில்லை, காத்திருக்கிறது. மன்னிப்புக்கும் நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்குவதற்கும் உள்ள தூரத்தை இந்தத் தலபுராணம் அறிந்திருக்கிறது. பொன்விழாக் கதையை எழுதிய ஸ்டீவன் மொஃபட் போன்ற பெரிய கைகாரர் அதைத் தவறவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்குப் பதில் சொல்வோர் உண்டு. முந்தைய டாக்டர்களுக்கு இந்த மீட்பு நினைவில் நிற்காது, அதனால் அவர்கள் பட்ட வேதனை உண்மைதானே என்பார்கள். அவர்களுக்கு உண்மைதான். பார்க்கிற எனக்கு? இனி அந்த இருட்டறைக் காட்சியைப் பார்க்கும்போது, இந்த மனிதன் செய்யாத குற்றத்துக்காக அழுகிறான் என்று எனக்குத் தெரியும். எக்கிள்ஸ்டனின் முகம் அதேதான், அதன் பொருள் மெலிந்துவிட்டது.

இன்னும் வேதனை, இதே நிகழ்ச்சிக்குள்ளேயே அந்தப் பழியின் மதிப்பு தெரிகிறது. சைகான் என்னும் உருமாறிகளிடமிருந்து உலகைக் காக்க லண்டனையே தகர்க்கத் துணிகிறார் ஒரு பெண் அதிகாரி. டாக்டர்கள் தடுக்கிறார்கள். மனிதர் யார், சைகான் யார் என்பதை எல்லோரும் மறக்கும்படி செய்து, உடன்பாடு பேச உட்கார வைக்கிறார்கள். அந்தக் காட்சியே நிகழ்ச்சியின் உச்சம். அவர்கள் பேச்சு எடுபடுவது, அதே தவறைத் தாங்களே செய்தவர்கள் என்பதால்தான். சற்று நேரத்தில் அந்தத் தவறே அழிந்துபோகிறது.

மீட்ட கிரகத்தை வைத்து என்ன செய்வது என்று பிறகு வந்தவர்களுக்கும் தெரியவில்லை. 2015இல் டாக்டர் அங்கே திரும்பிய பகுதி மனதில் ஒட்டவில்லை. 2020இல் மாஸ்டர் என்ற பழைய எதிரியைக் கொண்டு காலிஃப்ரேயை மறுபடியும் அழித்துவிட்டார்கள்.

விழாப் பகுதிகள் எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் ஆண்டுக் கதையில் ஹார்ட்னெல் நோயாளியாகத் திரையொன்றில் மட்டும் தோன்றினார். 1983இன் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' பகுதிக்கு டாம் பேக்கர் வர மறுத்ததால் வெளிவராத பழைய படச்சுருளை ஒட்டவைத்தார்கள். அவற்றில் குறை இருந்தது, ஆனால் அவை முன்னால் வந்த எதையும் அழிக்கவில்லை.

2013 கொண்டாட்டத்தில் எனக்கு நிறைவு தந்தவை வேறு இரண்டு. ஒன்று, பால் மெக்கன் சில நிமிடங்களே வரும் 'தி நைட் ஆஃப் தி டாக்டர்'. சாகக் கிடக்கும் ஒரு நல்லவன், தெரிந்தே போர்வீரனாக மாறச் சம்மதிக்கிறான். மற்றது, மார்க் கேட்டிஸ் எழுதிய 'ஆன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்'. தொடர் பிறந்த கதை. ஹார்ட்னெலாக நடித்த டேவிட் பிராட்லி, வேடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நிற்கும் இடத்தில் அழாதவர் யார்? இழப்பை இழப்பாகவே விட்டுவைத்த படைப்புகள் இவை.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொன்விழாவில் தொடங்காதீர்கள். 2005இன் 'டாலெக்'கில் தொடங்குங்கள், எக்கிள்ஸ்டனை முழுதாகப் பாருங்கள், அதன்பின் பொன்விழாவுக்கு வாருங்கள்.