மஞ்சள் கறையும் செஞ்சி வெயிலும்

சுமார் 800 அடி உயர ராஜகிரிக் குன்று, சித்திரையில் காலை பத்து மணிக்கே அனல் கக்கத் தொடங்கிவிடும். செஞ்சியில் அந்த வெயிலை ஆசையாக எதிர்பார்ப்பவர்கள் துணி துவைப்பவர்கள்தான்.

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டது. சோப்புப் போட்டதும் மஞ்சள் திட்டு செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பதற வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின், சோப்பிலுள்ள காரம் பட்டால் சிவக்கும். நன்றாக அலசி எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால், கண்ணெதிரிலேயே சிவப்பு வடிந்து மஞ்சள் திரும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

மீதி வேலை வெயிலுடையது. குர்குமின் வெளிச்சம் தாங்காது. ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி கொடியில் விரித்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் வெளிறிவிடும். மிச்சமிருந்தால் மறுநாளும் நனைத்துப் போடலாம். பிரஷ் எடுத்தால் என் அத்தை விடமாட்டார். "தேய்க்காத கண்ணு, நூலுதான் போவும்" என்பார்.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் நூலோடு இறுகிவிடும். வாழைக்கறை காய்ந்துவிட்டால் பெரும்பாடு.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெள்ளாவியை மிஞ்சியது எதுவுமில்லை என்பேன். உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டும் நீராவியும் சேர்ந்து, நூலுக்குள் புகுந்த அழுக்கை இளக்கிவிடும். விடிகாலையில் வெள்ளாவியைப் பிரிக்கும்போது, வெந்த பருத்தியும் உவர்மண்ணும் கலந்த வெதுவெதுப்பான வாசனை ஒன்று எழும். அதைச் சலவைத்தூள் பொட்டலம் எதிலும் நான் முகர்ந்ததில்லை.