ஸ்தோத்திரக் காணிக்கை: நிறையும் குறையும்

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டன்ட் சபைகளின் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக்குத் தனி இடம் உண்டு. பிறந்தநாள், திருமண நாள், மகனுக்குக் கிடைத்த வேலை, நல்லபடியாக முடிந்த அறுவை சிகிச்சை என ஏதேனும் ஒன்றை முன்னிட்டுக் குடும்பத்தார் கவரில் பணம் வைத்து, மேலே பெயரும் காரணமும் எழுதிக் கொடுக்கின்றனர். அவை வாசிக்கப்பட்டபின் ஆயர் ஜெபிக்கிறார். அறுப்பின் பண்டிகையில் இதே நன்றி வாழைத்தாராகவும் பூசணிக்காயாகவும் சேவலாகவும் ஆலயத்துக்கு வருகிறது. ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகிறது.

இவ்வழக்கத்துக்கு வேதாகமத்தில் வலுவான வேர் இருக்கிறது. முதற்கனியைக் கூடையில் கொண்டுவந்து, தன் இனத்தார் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கதையைச் சொல்லிப் படைக்கும்படி உபாகமம் 26ஆம் அதிகாரம் பணிக்கிறது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் கடவுளின் நிலையான கிருபையைப் போற்றும் ஒரே பல்லவியில் முடிகின்றன. வானமும் பூமியும் படைக்கப்பட்டதற்கும் செங்கடல் பிளந்ததற்கும் உரிய அதே பல்லவி, உயிர்களுக்கெல்லாம் கிடைக்கும் உணவுக்கும் வருகிறது. அன்றாடச் சோறும் அற்புதங்களின் வரிசையில் சேர்கிறது.

வழக்கத்தின் முதல் நன்மை, தனி வீட்டின் மகிழ்ச்சியைச் சபையின் மகிழ்ச்சியாக்குவது. கூலித் தொழிலாளியின் பேத்தியும் அதிகாரியின் மகளும் ஒரே ஜெபத்தில் பெயர் சொல்லி நினைக்கப்படுகின்றனர். இரண்டாவது, ஓடிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வைப்பது. 1548இல் அச்சான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மப் பரிசோதனையும் நன்றியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அது அங்கே நிற்பதில்லை. அடுத்து தன் குற்றங்களை ஆராயச் சொல்கிறது.

காணிக்கைக் கவரில் அந்த இரண்டாம் பகுதி இல்லை. அதைவிடப் பெரிய குறை, அதில் எழுதப்படும் காரணங்கள் பெரும்பாலும் வெற்றிகளாகவே இருப்பது. தேர்வில் தேறியவருக்குக் கவர் உண்டு. தேறாதவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். குழந்தை பிறந்த வீட்டின் பெயர் வாசிக்கப்படும்போது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதி தங்களைக் கடவுள் மறந்துவிட்டாரோ என்று நினைக்க நேர்கிறது. பலனைக் கொண்டு அன்பை அளந்தால், பலன் இல்லாத இடத்தில் அன்பும் இல்லை என்றாகிவிடும். வேதாகமம் அப்படி அளக்கவில்லை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளில் முடிகிறது; எனினும் அது ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அத்திமரம் துளிர்க்காத, தொழுவத்தில் மாடு இல்லாத நிலையிலும் கடவுளில் மகிழ்வதாக ஆபகூக் 3ஆம் அதிகாரம் பேசுகிறது.

அடுத்த குறை, விளம்பரம். தொகையும் சேர்த்து வாசிக்கப்படும் இடங்களில் நன்றி கௌரவப் போட்டியாக மாறுகிறது. சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் பூசணிக்காயை ஏலம் எடுப்பவர் சபைக்கு உதவுகிறார் என்பது உண்மை. அந்தப் பூசணியை விளைவித்துத் தந்த ஏழையின் பெயர் ஏலச் சத்தத்தில் அமுங்கிப்போவதும் உண்மை. லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயனின் ஜெபமும் நன்றியில்தான் தொடங்குகிறது. தான் மற்றவர்களைப்போல் இல்லை என்பதே அந்த நன்றிக்குக் காரணம்.

இன்னொரு குறை, மனிதர்களை மறப்பது. பிழைத்தது கடவுளின் கிருபை என்று சொல்லும்போது, இரவெல்லாம் விழித்திருந்த செவிலியும் கைமாற்றுத் தந்த பக்கத்து வீட்டாரும் கணக்கில் வராமல் போகலாம். சிபாரிசில் கிடைத்த வேலைகூட ஆசீர்வாதம் என்ற பெயரில் கேள்வியின்றிக் கடந்துவிடலாம்.

இக்குறைகளுக்காக வழக்கத்தையே கைவிட வேண்டியதில்லை. தொகையை வாசிக்காமல் விடலாம். துக்கத்தில் இருப்போரின் பெயர்களையும் அதே ஜெபத்தில் சேர்க்கலாம். உபாகமம் 26, முதற்கனி படைப்பவர் லேவியரோடும் தம் நடுவே வாழும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது. ஏலப்பணத்தில் ஒரு பங்கு சபைக்கு வெளியே உள்ள ஏழைகளுக்குப் போனால் அந்த விதி நிறைவேறும்.