பேய்மேல் போட்ட பழி

பேய்க்கதை என்றதும் முகம் சுளித்து ஒதுக்கிவிடுவது பகுத்தறிவாளர்க்கு எளிது. ஆனால், ஒதுக்கினால் மட்டும் போதாது, ஆராயவும் வேண்டும். எவர் கட்டிய கதை, எதற்குக் கட்டிய கதை, எதை மறைக்கும் கதை என்று கேட்டாக வேண்டும். "வெள்ளைக்காரனே நம்புகிறான், அறிவியல் வளர்ந்த இலண்டனிலேயே ஆவி உலவுகிறது, இல்லையென்று சொல்ல நீ யார்?" என்று மடமைக்கு மேனாட்டு முத்திரை வாங்கி வருவோர் நம்மிடையே உண்டு. ஆகவே, அந்த இலண்டன் ஆவியையே கூண்டிலேற்றி விசாரிப்போம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 22542 என்னும் எண்ணிட்ட மரப்பலகை ஒன்று உண்டு. எகிப்தின் தீப்ஸ் நகரத்தது; கி.மு. 950 அளவில் செய்யப்பட்டது. பதப்படுத்திய உடலின்மேல் கிடத்துவதற்காக, பெண்ணொருத்தியின் முகமும் கைகளும் வடித்து, சுதை பூசி, வண்ணம் தீட்டியது. 1889-இல் நன்கொடையாக வந்து சேர்ந்தது. உடல் வரவில்லை; பலகை மட்டுமே வந்தது. ஆயினும் ஊரார் அதற்கு இட்ட பெயர் 'கேடு சூழ்ந்த மம்மி'! மம்மியே இல்லாத மம்மி! கதையின் முதற்சொல்லே பொய்.

1904-இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளேட்டில் பெர்ட்ரம் பிளெட்சர் ராபின்சன் என்னும் எழுத்தாளர் இப்பலகையைப் பற்றி எழுதினார். 'சாவின் பூசாரிணி' என்பது அக்கட்டுரையின் தலைப்பு. 1907-இல், 36-ஆம் வயதில், அவர் மாண்டார். குடற்காய்ச்சல் கண்டு மாண்டார். ஆனால், ஆவியின் வேலை என்றது ஊர். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும் பின்னாளில் அதற்கு ஒத்து ஊதினார். துப்பறிவாளனைப் படைத்தவர் துப்பறிய மறந்தார்! குடற்காய்ச்சல் மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவும் நோய். கிருமி என்று சொன்னால் குடிநீரையும் சாக்கடையையும் பற்றிக் கேள்வி எழும். பொறுப்புள்ளோர் விடை கூற வேண்டிவரும். ஆவி என்று சொல்லிவிட்டாலோ, எவரும் எதற்கும் விடை கூற வேண்டியதில்லை.

அடுத்தது டைட்டானிக். 1912 ஏப்ரலில் மூழ்கிய அக்கப்பலில் இதழாளர் டபிள்யூ. டி. ஸ்டெட் பயணம் செய்தார், உயிரிழந்தார். இந்தப் பலகையைச் சுற்றிய கதையை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். அது போதாதா? பலகையே கப்பலில் இருந்தது, அதுவே கப்பலைக் கவிழ்த்தது என்று கதை நீண்டது. சரக்குப் பட்டியலில் அப்படியொரு பொருள் இல்லை. 1914-இல் மூழ்கிய 'எம்பிரஸ் ஆஃப் அயர்லாந்து', 1915-இல் மூழ்கிய 'லூசிட்டானியா' ஆகியவற்றிலும் அது இருந்தது என்பாரும் உண்டு. மும்முறை கடலில் மூழ்கியதாம். மும்முறையும் இலண்டனிலேயே இருந்ததாம்! கண்காட்சி ஒன்றுக்காக அது முதன்முதல் வெளியூர் போனது 1990-இல்தான். ஆஸ்திரேலியா சென்றது, பத்திரமாகத் திரும்பியது.

கதை மறைப்பதைப் பாருங்கள். டைட்டானிக்கில் ஏறியவர் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்கு மட்டுமே. முதல் வகுப்பினரில் பாதிக்குமேல் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினரில் நான்கில் ஒருவரே பிழைத்தனர். 'எம்பிரஸ்' மூடுபனியில் நிலக்கரிக் கப்பலொன்று மோதி மூழ்கியது. 'லூசிட்டானியா'வைச் செருமன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கிக் கவிழ்த்தது. படகைக் குறைத்தவன் மனிதன், வகுப்பைப் பிரித்தவன் மனிதன், போரை மூட்டியவன் மனிதன். பழி மட்டும் பலகைக்கு!

கதை என்ற அளவிலேனும் இது தேறுமா? கற்பனைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சுமார் 2,800 ஆண்டுகள் எகிப்தின் மணலில் வாய்மூடிக் கிடந்த ஆவிக்கு ஐரோப்பியர் கை பட்டதும் சினம் வந்தது என்கிறார்கள். வரட்டும். தன்னை எடுத்து வந்தவர்மேல் சினந்தால் பொருளுண்டு. மூன்றாம் வகுப்பில் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஏழையின் குழந்தையை மூழ்கடிப்பது எந்த நீதி? அருங்காட்சியகத்தில் அன்றாடம் அதன் முன் நடமாடும் காவலாளிகளை விட்டுவைத்தது எந்தக் கணக்கு? காரணமும் விளைவும் ஒட்டாத கதையை இலக்கியம் என்பது எங்ஙனம்?

"அப்படியன்று, கொள்ளையடித்தவனின் மனச்சான்றே ஆவியாக வடிவெடுக்கிறது, அவ்வகையில் பேய்க்கதையும் ஒரு நீதிக்கதையே" என்று நயம் கூறுவோர் உளர். நல்ல வாதம்தான். அதையும் உரைத்துப் பார்ப்போம். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊதா நிறச் செவ்வந்திக்கல் ஒன்று இருக்கிறது. 'தில்லி நீலக்கல்' என்று தவறாகப் பெயர் பெற்றது. எட்வர்டு ஹெரான்-ஆலன் என்பவரிடம் இருந்து, அவர் மறைவுக்குப்பின் 1944-இல், எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு அங்கு வந்தது. 1857-இல் கான்பூர்க் கோயிலில் கொள்ளையிடப்பட்ட கல், வைத்திருந்தோரையெல்லாம் வாட்டியது என்கிறது கடிதம். அதே ஹெரான்-ஆலன் புனைபெயரில் 1921-இல் 'ஊதா நீலக்கல்' என்னும் கதையையும் வெளியிட்டார். கதைக்குச் சான்று கல். கல்லுக்குச் சான்று கதை!

கடிதத்தின் முடிவைக் காணுங்கள். இக்கல்லை என்ன செய்வது? கடலில் எறிந்துவிடுவதே நலம் என்பது அவர் அறிவுரை. கொள்ளைப்பொருள் என்று தன் கையாலேயே எழுதுகிறார். உரியவரிடம் திருப்பிக் கொடு என்று ஒரு வரி எழுதவில்லை. கடலுக்குக் கொடுக்க மனம் வருகிறது. கான்பூருக்குக் கொடுக்க வரவில்லை. மனச்சான்று பேசியிருந்தால் முகவரியும் சொல்லியிருக்கும். இங்கே பேசியது அச்சம் மட்டுமே.

பேய்க்கதையின் பயன் இதுதான். 'யாருடையது? எப்படி வந்தது? எப்போது திரும்பும்?' என்னும் மூன்று கேள்விகளை, 'தொட்டால் என்ன ஆகும்?' என்னும் ஒரே கேள்வியால் அது மூடிவிடுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பொருள்களை, குறுகிய சில விலக்குகள் தவிர, எவருக்கும் கொடுத்துவிட முடியாதபடி தடுப்பது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். எகிப்தும் கிரேக்கமும் தம் செல்வங்களைக் கேட்டு இன்றும் அந்தக் கதவைத் தட்டுகின்றன. அப்பொருள்களைக் கட்டி வைத்திருப்பது சாபமன்று, சட்டம். சட்டத்தை மனிதர் எழுதினர். மனிதரால் மாற்றவும் முடியும்.

அந்தப் பலகைக்குரிய பெண் யார்? பலகையில் வழிபாட்டுச் சொற்கள் உள்ளன. அவள் பெயர் இல்லை. வேலைப்பாட்டின் சிறப்பைக் கொண்டு, உயர்நிலையில் வாழ்ந்தவள் என்று மட்டும் ஆய்வாளர் கருதுகின்றனர். கோயில் இசையில் பங்கு கொண்டிருக்கலாம் என்பதால் 'பூசாரிணி' ஆக்கினர். பூசாரிணியைக் கொலைகாரியும் ஆக்கினர். பெயர் தெரியாத ஒருத்திமேல், பெண் என்பதால், ஆயிரக்கணக்கான சாவுகளைச் சுமத்தினர். நூறாண்டுக்கு மேலாகியும் அதை இறக்கி வைக்க மனமில்லை.

மறுமுறை எவரேனும் இக்கதையைச் சொல்ல வந்தால், ஆவி உண்டா இல்லையா என்று வழக்காட வேண்டாம். படகுகள் எத்தனை என்று கேளுங்கள். கல் யாருடையது என்று கேளுங்கள். ஆவியை விரட்ட மந்திரவாதி வேண்டாம். கணக்குக் கேட்கும் மனிதன் ஒருவன் போதும்!