யூனாவும் மணிமேகலையும்

"சிலம்பின் சுவை மணிமேகலையில் இல்லையே, ஐயா?" எனப் பட்டர்வொர்த்தில் மாணவன் ஒருவன் வினவினான். அவனறிந்த ஜப்பானிய வீடியோ விளையாட்டைக் கொண்டே விடை தேடினேன்.

2001இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டசி 10' கதையில், யூனா உலகுக்காகத் தன்னுயிரை ஈயப் புறப்பட்டவள். கதையைக் கூறுபவனோ டீடஸ். முடிவில் அவன் மறைகிறான். 2003இல் வந்த தொடர்ச்சியில் யூனாவே தலைவி. சிலம்பில் ஓரமாய் நின்ற மணிமேகலை தனிக்காப்பியத் தலைவியானது போன்றதே இது.

ஆடல், பாடல், உடைமாற்றம் ஆகியவற்றால் முன்கதையின் துயரம் கெட்டது என்பர் சிலர். யான் உடன்படேன்; சாவை நோக்கி நடந்தவள் தனக்காகச் சிரிக்கக் கற்பது சிறுமையன்று. ஒரே நெடுவழியாய்ச் சென்ற கதை சிறுசிறு பணிகளாய்ச் சிதறியது குறைதான். மணிமேகலையின் கிளைக்கதைகளிலும் அத்தளர்ச்சி உண்டு. பெருங்குறை வேறு. திறம்பட ஆடியவர்க்கு டீடஸ் பரிசென மீண்டு வருகிறான். சாத்தனார் கோவலனை மீட்டுத் தரவில்லை.